தாளம் தப்பி

சங்கிலியின் ஒரு முனை அவர் கையில்,
மறுமுனை என் கையில்.
அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
பதினோரு வருடம்
அந்தத் தூரத்தில் நின்றுதான் பேசிக்கொண்டோம்.
'டெவனி, இழு' என்பார்.
'இறுகிவிட்டது' என்பேன்.
வேறென்ன பேச இருந்தது?

லெமுவேல் டிராஸ்க். வெர்மாண்ட்காரர்.
புகையிலை தொடமாட்டார், ஞாயிறன்று கோடு கிழிக்கமாட்டார்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்வார்,
தன் மூச்சு பட்டு மலை சாய்ந்துவிடும் என்பதுபோல.
பென்சில்வேனியாவில் நாற்பது மைல் தண்டவாளம் போட்டோம்.
ஓரிடத்தில் அது
ஒரு விதவையின் ஆப்பிள் மரங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.
கம்பெனி அதற்காக அவர் சம்பளத்தில் கைவைத்தது.
குறிப்பேட்டில் எழுதியிருந்தார்:
வளைவு, நான்கு பாகை. காரணம், மரங்கள்.

பிறகு போர்.
சட்டை நீலமானது. தோளில் ஒரு தங்க இலை.
'மேஜர்' என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.
'மிஸ்டர் டிராஸ்க்' என்றேன், திரும்பினார்.
இடுப்பு வாள் நடக்கும்போதெல்லாம் முழங்காலில் இடித்தது.
அதை அவர் முதன்முதலில் உருவியது
ஒரு ஓடையின் ஆழம் பார்க்க.
கைப்பிடிவரை சேறு.

வர்ஜீனியாவில் ஓர் ஆறு. பெயரைக் கேட்க நேரமில்லை.
இரவோடு இரவாகப் படகுகளைக் கோத்துப் பலகை பரப்பினோம்.
விடியும்போது படை வந்தது:
முன்னால் முரசு, பின்னால் ஆயிரம் பேருக்கு ஒரே கால்.
போன வருடம்வரை வக்கீலாக இருந்த ஜெனரல்
அந்தச் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
டிராஸ்க் குறுக்கே போய் நின்றார்.
'பாலத்தின்மேல் தாளம் தப்பி நடக்க வேண்டும்.
ஒருவன் காலோடு இன்னொருவன் கால் சேரக் கூடாது.
சேர்ந்தால் பாலம் ஆடும், ஆடினால் அறும்.'

முரசடிக்கும் பையன் குச்சிகளை இடைவாரில் செருகினான்.
ஆறு மாதம் திட்டித் திட்டிப் பழக்கியதை
ஒரு நொடியில் மறக்கச் சொன்னால்?
தடுக்கினார்கள், சிரித்தார்கள்.
ஒருவன் மாட்டைத் தேடிப் போகிறவன்போல நடந்தான்,
ஒருவன் சம்பள நாள் இரவுபோல,
ஒருவன், உயரமானவன், யாருடைய கல்யாணத்துக்கோ நேரமாகிவிட்டதுபோல.
நானூறு அடி நீளத்துக்கு
அவரவர் நடை அவரவருக்கு இருந்தது.
அக்கரையில் முரசு மறுபடி எழுந்தது.

மூன்றாம் நாள் அவரையே கூப்பிட்டனுப்பினார்கள்.
நேராகக் குழி வெட்டத் தெரிந்த அதிகாரி வேறு இல்லை.
நீளம் இரண்டு சங்கிலி. அகலம் ஏழடி. ஆழம் நான்கு.
அடிமட்டத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெட்டிய மண்ணைத் திரும்பப் போட்டால் கொஞ்சம் மிஞ்சும்.
மண் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும்,
வெளியே வந்த மண் பொங்கும், அதற்கொரு கணக்கு உண்டு.
அன்று கணக்குக்கு மேல் மிஞ்சியது.
அவர் குவியலைச் சுற்றி நடந்து அளந்தார்.
பொங்கினதைக் கழித்தார்.
மீதியை எழுதப்போய்
பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
உயரமானவனை நான்தான் கால்பக்கம் பிடித்து இறக்கியிருந்தேன்.

அப்புறம் கர்னல் ஆனார். அப்புறம் ஓஹாயோவில்
ஒரு சிறிய ஊருக்குச் சாக்கடை கட்டினார்.
மேலே எவர் இறந்தாலும் கீழே நீர் ஓடும்,
ஆயிரம் அடிக்கு மூன்றடிச் சரிவில்.
நெஞ்சுவலி, பிப்ரவரி மாதம், இரண்டே நாள்.

சங்கிலியை அவர் மனைவி எனக்கு அனுப்பிவைத்தார்.
நகர மன்றத்து வாசல் கல்லில் பதித்த பித்தளை அளவோடு
வைத்துப் பார்த்தேன்.
கண்ணியும் கண்ணியும் உரசித் தேயும், தேயத் தேய நீளும்.
மூன்று அங்குலம் நீண்டிருந்தது.

எந்த வருடத்திலிருந்து என்று தெரியவில்லை.
ஆப்பிள் மரங்களிலிருந்து நாங்கள் விலகிய தூரம்,
எங்களுக்கு நடுவே இருந்த தூரம்,
எல்லாமே எழுதியதைவிடக் கொஞ்சம் கூடவாக இருக்கலாம்.
அந்தக் குழியும்.
அரை அடி.